போர்ட் லூயிஸ் சுற்றிப் பார்க்க ஒரு நாளைக்கு எவ்வளவு ஆகும்? புதிதாக வருபவர்களுக்கு ஒரு கணக்கு

மொரீசியஸ் என்றாலே கடற்கரை விடுதியும் அதன் வாடகையும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. அந்த விலையை மனதில் வைத்துக்கொண்டு தலைநகரம் போர்ட் லூயிஸைப் பார்க்கத் திட்டமிட்டால் கணக்கு முழுவதும் தப்பாகிவிடும். இந்த ஊரில் பார்க்க வேண்டியவற்றில் பாதிக்கு மேல் நுழைவுக் கட்டணமே இல்லாதவை. ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோர் கரையேறிய ஆப்ரவாசி காட், சிட்டாடல் கோட்டை, மத்தியச் சந்தை, சைனா டவுன், சான் குருவாவில் உள்ள கைலாசம் கோவில், எதற்கும் காசு கிடையாது. செலவு வருவது வேறு மூன்று வழிகளில்: அறை வாடகை, மாலை ஐந்து மணிக்குப் பிறகான பயணம், தவறான கிழமையில் போய் நிற்பது. பின்னைய இரண்டும் நேரம் சார்ந்த செலவுகள். அதனால் வகைவாரியாகப் பட்டியல் போடுவதை விட, காலை முதல் இரவு வரை எந்த நேரத்தில் எங்கே இருப்பீர்கள் என்று எழுதி, அதற்கு எதிரே பணத்தை எழுதுவதே இங்கே சரிப்படும்.

கீழே வரும் தொகைகள் எல்லாம் மொரீசியஸ் ரூபாயில், ஒதுக்கி வைக்க வேண்டிய அளவாகச் சற்றே தூக்கிப் போடப்பட்டவை. கடையில் அதைவிடக் குறைந்தால் மிச்சம் உங்களுக்கு.

முதலில் ரூபாய்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள்

தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் முதல் நாளே இடறுவது இங்கேதான். இங்கும் ரூபாய், அங்கும் ரூபாய். விலைப்பலகையில் போடும் சுருக்கக் குறியும் ஒன்றுபோலவே இருக்கும். நோட்டைக் கையில் வாங்கினால் அதில் தமிழ் எழுத்தும் இருக்கும்; நூறு ரூபாய் நோட்டில் இருப்பவர் இந்நாட்டுத் தமிழ்த் தலைவர் ரங்கநாதன் சீனிவாசன். பார்த்ததும் சொந்த ஊர்க் காசு போலவே தோன்றிவிடும். ஆனால் ஒரு மொரீசியஸ் ரூபாய் இந்திய ரூபாயில் கிட்டத்தட்ட இரு மடங்கு. முந்நூறு ரூபாய்ச் சாப்பாடு என்றால் கிட்டத்தட்ட அறுநூறு என்று மனம் உடனே சொல்ல வேண்டும். ஒவ்வொரு விலையையும் இரண்டால் பெருக்கிப் பாருங்கள். துல்லியமாக இருக்காது, ஆனால் திட்டமிட அது போதும்.

இந்தியாவின் யு.பி.ஐ. 2024 பிப்ரவரியில் இங்கே தொடங்கி வைக்கப்பட்டது. அதை நம்பிக் கையில் பணமில்லாமல் வராதீர்கள். தால் பூரி வண்டிக்காரரும் பேருந்து நடத்துநரும் நோட்டும் சில்லறையும்தான் கேட்பார்கள். சில சிறு கடைகளில் கைப்பேசிக் கட்டணப் பலகை தொங்கும்; அது பெரும்பாலும் உள்ளூர் வங்கிக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கானது. ஏ.டி.எம்.மில் பணம் எடுக்கும்போது ‘உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடட்டுமா’ என்று திரை கேட்டால் வேண்டாம் என்று சொல்லி, மொரீசியஸ் ரூபாயையே தேர்ந்தெடுங்கள். ஆம் என்றால் அவர்கள் வைத்த மாற்று விகிதம் உங்கள் தலையில் விழும். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் கட்டணம் பிடிக்கப்படுவதால், இரண்டு மூன்று நாளுக்கு வேண்டியதை ஒரே முறையில் எடுப்பது லாபம்.

ஒரே முறை வரும் செலவைத் தனியாக எழுதுங்கள்

விமான நிலையப் பயணம், சிம் அட்டை இரண்டையும் நாள் கணக்கில் கலக்கக் கூடாது. கலந்தால் முதல் நாள் பயங்கரமாகத் தெரியும். பயந்து அடுத்த நாள் சாப்பாட்டில் கை வைப்பீர்கள்.

விமான நிலையம் தீவின் தென்கிழக்கு மூலையில் இருக்கிறது. போர்ட் லூயிஸ் வடமேற்கில். தூரம் நாற்பது கிலோமீட்டருக்கு மேல். டாக்சிக்கு ஒரு வழிக்கு 2,000 ஒதுக்குங்கள். டாக்சியில் மீட்டர் பார்த்துக் கட்டும் வழக்கம் இல்லை. ஏறும் முன்பே தொகையைப் பேசி, அது வண்டிக்கா ஆளுக்கா என்பதையும் கேட்டுவிடுங்கள். தென்கிழக்குக் கரை ஊரான மேபூருக்கும் போர்ட் லூயிஸுக்கும் இடையே ஓடும் பேருந்து விமான நிலையத்தையும் தொட்டுப் போகும். செலவு டாக்சியில் ஒரு சிறு பங்குதான். ஆனால் பேருந்தில் பெட்டி வைக்கத் தனி இடம் கிடையாது. முதுகுப் பை மட்டும் என்றால் பேருந்து. பெரிய பெட்டியோடு இரவில் இறங்கினால் டாக்சிக் காசைக் கொடுத்துவிடுவதே நல்லது.

சிம் அட்டைக்கு 500 போதும். நுழைவுப் படிவத்தை அரசின் இணையப் பக்கத்தில் இலவசமாகவே நிரப்பலாம். அதற்குப் பணம் கேட்கும் பக்கங்கள் எல்லாம் இடைத்தரகர்கள். அங்கே அட்டை எண்ணைக் கொடுக்காதீர்கள். குடியேற்ற மேசையில் திரும்பும் பயணச்சீட்டு, தங்குமிட முன்பதிவு இவற்றோடு, நாளொன்றுக்கு 100 அமெரிக்க டாலர் வீதம் பணம் இருப்பதற்கான சான்றும் கேட்கப்படலாம். உங்கள் உண்மைச் செலவு அதைவிடக் குறைவாகவே இருக்கலாம்; இருந்தாலும் வங்கிக் கணக்கு விவரத்தை அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள்.

அறை: போர்ட் லூயிஸில் தங்காமலே போர்ட் லூயிஸ் பார்க்கலாம்

நாள் செலவில் பெரிய பங்கு இதுதான். இங்கே எடுக்கும் முடிவு மற்ற எல்லாவற்றையும் ஆட்டி வைக்கும். தலைநகரம் அலுவலக ஊர். பகலில் நெரிசல், மாலையானதும் கடைகள் மூடி, தெருக்கள் வெறிச்சோடிவிடும். சிக்கனமான, சுத்தமான அறைகள் ஊருக்குள் குறைவு. துறைமுகப் பக்கத்து ஓட்டல்கள் வசதியானவை. அவற்றின் வாடகையில் இரண்டு மூன்று நாள் வேறிடத்தில் தங்கிவிடலாம்.

மெட்ரோ வந்த பிறகு வேறு வழி பிறந்திருக்கிறது. 2020இல் போர்ட் லூயிஸிலிருந்து ரோஸ் ஹில் வரை ஓடத் தொடங்கிய இந்த இலகு ரயில், 2022இல் கியூர்பிப் வரை நீண்டது. ரோஸ் ஹில், பூ பாசின், கத்ர் போர்ன் ஆகிய ஊர்களில் விருந்தினர் இல்லங்களும் வாடகை வீடுகளும் கிடைக்கும். கடல் மட்டத்திலிருந்து உயரத்தில் இருப்பதால் போர்ட் லூயிஸின் புழுக்கமும் அங்கே குறைவு, ஏ.சி. இல்லாத அறையிலும் பெரும்பாலான மாதங்களில் தூங்கலாம். தமிழ்க் குடும்பங்கள் நிறைய வாழும் பகுதிகள் இவை. கத்ர் போர்னில் கோர் டி கார்ட் மலையடிவாரத்தில் முருகன் கோவில் இருக்கிறது; ஒரு மாலைப் பொழுதை அங்கே செலவில்லாமல் கழிக்கலாம்.

இருவர் தங்கும் அறைக்கு 2,000 ஒதுக்குங்கள். முன்பதிவு செய்யும்போது மூன்று கேள்விகளைக் கேட்டே தீர வேண்டும்: 15 விழுக்காடு வாட் வரி சேர்த்த விலையா? காலை உணவு உண்டா? மெட்ரோ நிலையத்துக்கு நடந்து எத்தனை நிமிடம்? மூன்றாவது கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நிலையத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி மலிவாக அறை எடுத்தால், தினமும் இரவு டாக்சிக்குக் கொடுத்து அந்த மலிவைத் தொலைப்பீர்கள். இவை தவிர, 2025 அக்டோபர் முதல் வெளிநாட்டுப் பயணிகள் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் இரவுக்கு 3 யூரோ கட்டணம் செலுத்த வேண்டும். இணையத்தில் காட்டும் வாடகையில் இது சேராமல் இருக்கலாம். ஆளுக்கு, இரவுக்கு 165 ரூபாய் என்று தனி வரியாக எழுதிவிடுங்கள்.

சமையலறை உள்ள வாடகை வீடு கிடைத்தால், நான்கு நாளுக்கு மேல் தங்குபவர்களுக்கு அதுவே சிறந்தது. காலைத் தேநீரும் இரவு ரொட்டியும் வீட்டிலேயே முடிந்துவிடும்.

போக்குவரத்து

மெட்ரோவுக்கு ஒரு முறைக்கு 60 ஒதுக்குங்கள். போர்ட் லூயிஸில் இரண்டு நிலையங்கள்: விக்டோரியா, ஆப்ரவாசி காட். சந்தைக்கும் கூலிகள் கரையேறிய இடத்துக்கும் போக, கடைசி நிலையமான ஆப்ரவாசி காட்டில் இறங்குவது நல்லது. அங்கிருந்து ஊரின் பழைய பகுதி முழுவதும் நடைதூரம்தான். ஆப்ரவாசி காட்டிலிருந்து கோடான் துறைமுகக் கரை வரை நிதானமாக நடந்தால் இருபது நிமிடம். பகல் முழுவதும் டாக்சி தேவையே இல்லை.

பேருந்து நிலையங்களும் இரண்டு. வடக்கே போக இமிக்ரேஷன் சதுக்கம், தெற்கே போக விக்டோரியா. வடக்கே உள்ள பாம்பிள்முஸ் தாவரத் தோட்டத்துக்குப் போக விக்டோரியாவில் நின்று காத்திருந்தால் அரை நாள் போய்விடும். பேருந்தில் நடத்துநர் வந்து சீட்டுக் கொடுப்பார்; 500, 1,000 நோட்டை நீட்டாதீர்கள். சீட்டை இறங்கும்வரை வைத்திருங்கள், பரிசோதகர் ஏறுவார். முதியோருக்கும் மாணவருக்கும் பேருந்து இலவசம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 2005 முதல் அது உண்மைதான். ஆனால் இந்நாட்டவருக்கு மட்டும்.

நேரக் கணக்கு பணக் கணக்காக மாறும் இடம் இதுதான். பல வழித்தடங்களில் பேருந்துகள் மாலை ஆறு, ஏழு மணிக்கெல்லாம் குறைந்துவிடும். கிராண்ட் பே போன்ற வடபகுதியில் அறை எடுத்தவர் போர்ட் லூயிஸில் இரவுச் சாப்பாடு முடித்துத் திரும்பினால் டாக்சிதான் கதி. அந்த ஒரு பயணத்துக்கு அன்றைய மூன்று வேளைச் சாப்பாட்டையும் விட அதிகம் ஆகும். காலையில் கிளம்பும்போதே கடைசிப் பேருந்தோ கடைசி மெட்ரோவோ எத்தனை மணிக்கு என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு: இங்கே கஞ்சத்தனம் வேண்டாம்

இந்த ஊரில் மலிவான சாப்பாடுதான் நல்ல சாப்பாடு. வரலாறும் அதில்தான் இருக்கிறது. கடலைப் பருப்பை அரைத்து உள்ளே வைத்த தால் பூரி, இரண்டு சேர்த்து ஒரு சோடியாகத் தருவார்கள். உள்ளே பட்டர் பீன்ஸ் குழம்பும் ருகாய் எனும் தக்காளித் தொக்கும் சட்னியும். சோடிக்கு 30 வீதம் இரண்டு சோடி, காலை உணவு முடிந்தது. நம் மசால் வடையின் உறவான கேத்தோ பிமா, ரொட்டிக்குள் வைத்தும் தருவார்கள். மத்தியச் சந்தையின் அலூடா, பாலும் துளசி விதையும் சேர்த்த குளிர்பானம், மதிய வெயிலுக்கு ஏற்றது. சைனா டவுன் பக்கம் ராயல் தெருவில் மின் ஃப்ரீர் எனும் வறுத்த நூடுல்ஸும், பூலெட் எனும் ஆவியில் வெந்த உருண்டைகளும் கிடைக்கும். பிரியாணி பொட்டலமாகவே வாங்கலாம். ஒரு பொட்டலம் இரண்டு பேருக்கு வரும் அளவிலும் இருக்கும், கேட்டு வாங்குங்கள்.

ஆளுக்கு ஒரு நாளைக்கு இப்படி ஒதுக்குங்கள்: காலை 90, மதியம் 220, அலூடாவுக்கு 60, மாலைப் பலகாரம் 40, இரவு 300, தண்ணீர் 60. மொத்தம் 770. கோடான் கரையோர உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால் ஒரு வேளைக்கே இந்தத் தொகை போகும். கடல் பார்த்துக்கொண்டு ஒரு முறை சாப்பிட ஆசை இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் அந்த நாளை முன்பே முடிவு செய்து எழுதிவையுங்கள். பசியோடு அலைந்து கண்ணில் பட்ட உணவகத்துக்குள் நுழைவதுதான் கணக்கைக் கெடுக்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். தெருக்கடைகள் மதியம் இரண்டு மணியோடு சரக்குத் தீர்ந்து கிளம்பிவிடும். தால் பூரியை மதியச் சாப்பாடாக நினைப்பவர்கள் பன்னிரண்டுக்குள் போக வேண்டும். சைவம் சாப்பிடுபவர்கள், காய்கறி மின் ஃப்ரீரிலும் மீன் அல்லது சிப்பிச் சாறு சேர்ந்திருக்கலாம் என்பதால் கேட்டு வாங்க வேண்டும். இங்குள்ள தமிழர் பெயரில் தமிழும் வழிபாட்டில் தமிழும் இருக்கும்; கடைத்தெருவில் பேசுவது பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழி. ‘கொம்யே சா?’ என்றால் ‘இது எவ்வளவு?’ என்று பொருள். அதைக் கேட்டுப் பழகினாலே பேச்சு இணக்கமாகிவிடும்.

தைப்பூசக் காவடி இங்கே நாடு முழுவதற்கும் அரசு விடுமுறை. அன்று கோவில்களில் வாழையிலையில் ஏழு கறிச் சாப்பாடு பரிமாறுவார்கள். அந்தச் சமயத்தில் வருபவர்கள் உணவுக்கு ஒதுக்கியதை உண்டியலில் போடலாம்.

எதை எந்த நேரத்தில் பார்ப்பது

ஆப்ரவாசி காட்டைக் காலை ஒன்பது மணிக்கே தொடங்குங்கள். 1849இல் கட்டத் தொடங்கிய இந்தக் குடியேற்றக் கிடங்கு வழியாகத்தான் வந்திறங்கிய கூலிகள் தோட்டங்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டார்கள். 1834 முதல் 1920 வரை ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் இந்தியாவிலிருந்து இத்தீவுக்கு வந்தார்கள்; பெரும்பாலோர் இங்கேயே தங்கிவிட்டார்கள். 2006இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. நுழைவு இலவசம். சனிக்கிழமை நண்பகலோடு மூடிவிடும், ஞாயிறும் அரசு விடுமுறையும் திறக்காது. நினைவுக் கூடத்தையும் சேர்த்துப் பார்க்க ஒன்றரை மணி நேரம் கொடுங்கள். அவசரமாகப் பார்க்கும் இடமல்ல இது. அருகிலேயே பழைய இராணுவ மருத்துவமனைக் கட்டடத்தில் அடிமைமுறை பற்றிய அருங்காட்சியகம் இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால்தான் இந்தத் தீவின் கதை முழுதாகும்.

கோடானில் உள்ள புளூ பென்னி அருங்காட்சியகம் பணம் கொடுத்துப் பார்க்க வேண்டிய ஒன்று, 400 ஒதுக்குங்கள். 1847ஆம் ஆண்டின் இரண்டு புகழ்பெற்ற தபால்தலைகள் அங்கே இருக்கின்றன. ஒளி பட்டால் நிறம் மங்கும் என்பதால் அசல் தலைகளுக்கு மணிக்கு ஒரு முறை, இருபத்தைந்தாம் நிமிடம் முதல் முப்பத்தைந்தாம் நிமிடம் வரைதான் விளக்குப் போடுவார்கள். மற்ற நேரத்தில் நகலைத்தான் காண முடியும். மணி அடித்துப் பத்து நிமிடத்தில் உள்ளே நுழைந்தால் சரியாக இருக்கும்.

கம்பெனித் தோட்டத்தை ஒட்டிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் டோடோ பறவையின் எலும்புக்கூடு உண்டு. ஒரே பறவையின் எலும்புகளால் ஆன முழுமையான கூடு அது. இதற்கும் பிற சிறு நுழைவுகளுக்கும் சேர்த்து 200. தீவின் பல இடங்களில் இந்நாட்டவருக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டவருக்கு ஒரு கட்டணம். பலகையில் முதலில் கண்ணில் படும் சிறிய தொகையை உங்களுடையது என்று எழுதிவிடாதீர்கள்.

1834க்கும் 1840க்கும் இடையே கட்டிய சிட்டாடல் கோட்டைக்கு ஏற்றம் செங்குத்தானது. காலையிலோ, நிழல் சாய்ந்த பிறகோ ஏறி, இருட்டுவதற்குள் இறங்கிவிடுங்கள். உச்சி வெயிலில் ஏறுபவர்கள்தான் டாக்சி பிடித்துக் காசை விடுகிறார்கள். மேலிருந்து துறைமுகமும், 1812இல் தொடங்கிய ஷான் டி மார்ஸ் குதிரைப் பந்தயத் திடலும் தெரியும். சான் குருவாவில் கைலாசம் என்று அழைக்கப்படும் சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோவிலையும், எல்லா மதத்தவரும் வணங்கும் கத்தோலிக்கப் பாதிரியார் பேர் லவாலின் சமாதியையும் ஒரே பேருந்துப் பயணத்தில் முடிக்கலாம், போகவர 90.

ஞாயிற்றுக்கிழமையை நகரத்துக்கு ஒதுக்கவே வேண்டாம். அன்று பாம்பிள்முஸ் தோட்டத்துக்கோ கடற்கரைக்கோ போங்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு

ரோஸ் ஹில்லில் இருவர் ஓர் அறையில் தங்கி, அருங்காட்சியகங்களும் கைலாசமும் பார்க்கும் நாள், ஆளுக்கு:

அறையில் பாதி 1,000
பயணிக் கட்டணம் 165
மெட்ரோ இருமுறை 120
சான் குருவா பேருந்து 90
சாப்பாடு 770
நுழைவுகள் 600
கூட்டினால் 2,745. இதன்மேல் எதிர்பாராத செலவுக்கு 15 விழுக்காடு கைமிச்சம் 410 சேர்த்தால் 3,155.

நுழைவுக் கட்டணம் இல்லாத நாள் என்றால் 2,145. கைமிச்சத்தோடு ஏறத்தாழ 2,470. தனியாக வருபவர் அறைக்கு இன்னொரு 1,000 கூட்ட வேண்டும். மூன்று நாள் பயணத்தில் கட்டண நாள் ஒன்று, இலவச நாள் இரண்டு என்று பிரித்தால் பார்க்க வேண்டியதில் எதுவும் விடுபடாது.

இந்தக் கைமிச்சத்தைச் சந்தைக் கடைகளில் தொலைத்துவிடாதீர்கள். காய்கறிக் கூடத்தில் விலை எழுதியிருப்பார்கள், பேரம் தேவையில்லை. மாடியில் நினைவுப் பொருள் விற்குமிடத்தில் முதல் விலையில் பாதியிலிருந்து பேசத் தொடங்கலாம். வெனிலா தேயிலை, சர்க்கரை வகைகளைச் சூப்பர்மார்க்கெட்டில் வாங்குங்கள். உள்ளூர்க்காரர்கள் கொடுக்கும் அதே விலைக்குக் கிடைக்கும்.

நவம்பர் முதல் ஏப்ரல் வரை வருபவர்களுக்கு இன்னொரு வரி: புயல் இருப்பு. மூன்றாம் எண் எச்சரிக்கை வந்தால் பேருந்து, கடை எல்லாம் நிற்கும், விமானமும் தள்ளிப்போகும். 2024 ஜனவரியில் பெலால் புயலின்போது போர்ட் லூயிஸ் தெருக்களில் வெள்ளம் வண்டிகளையே இழுத்துப் போனது. இரண்டு நாள் அறை வாடகையும் உணவும், ஆளுக்கு 4,000 அளவில், தொடாத பணமாக இருக்கட்டும். முதல் எச்சரிக்கையின்போதே ரொட்டி, பிஸ்கட், தண்ணீர், மெழுகுவத்தி வாங்கிவிடுங்கள். இரண்டாவது வரும்போது கடையில் வரிசை நிற்கும்.

பணத்தை இரண்டாகப் பிரித்து வைப்பது நடைமுறையில் உதவும். சட்டைப் பையில் அன்றைய உணவுக்கும் பேருந்துக்குமான ஆயிரம் ரூபாய், சிறு நோட்டுகளாக. மற்றது பையின் உள்ளறையில். இரவு படுக்கும் முன் மீதியை எண்ணுங்கள். இருநூறுக்கு மேல் குறைந்தால் மறுநாள் கட்டண நாளை இலவச நாளாக மாற்றிவிடலாம், சாப்பாட்டைக் குறைக்க வேண்டாம். கடைசி இரண்டு நாளில் நாணயங்களைப் பேருந்துக்கும் தேநீருக்கும் தீர்த்துவிடுங்கள். பணமாற்றுக் கடைகள் நோட்டை மட்டுமே வாங்கும்.